பழைய ரிவால்வர் சேகரிப்பு: எங்கிருந்து தொடங்கலாம்?

பிரேசோஸ்கரை:

வணக்கம். ஹூஸ்டன் பக்கம் இருக்கிறேன், பூர்வீகம் ஈரோடு. பழைய ரிவால்வர்கள் சேகரிக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. எச்1பி விசாவில் இருந்தவரை இந்தப் பக்கமே போகவில்லை, இப்போது க்ரீன் கார்டு வந்துவிட்டதால் கேட்கிறேன். இடுப்பில் செருகிக்கொண்டு திரியவோ வேட்டைக்குப் போகவோ எனக்கு எண்ணமில்லை. அந்த இயந்திரம்தான் பிடித்திருக்கிறது. ட்ரிக்கரை மெதுவாக இழுத்தால் தோட்டாவை அடிக்கும் ஹேமர் பின்னால் போகிறது, அதே இழுப்பில் தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டர் ஒரு அறை நகர்ந்து பேரலுக்கு நேராக வந்து டக்கென்று பூட்டிக்கொள்கிறது, நூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் அரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து இதைப் பொருத்தியிருக்கிறார் என்று நினைத்தாலே பிரமிப்பாக இருக்கிறது.

உள்ளூர்க் கடை ஒன்றில் 38 ஸ்பெஷல் என்ற தோட்டா போடும் ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வர் ஒன்று பார்த்தேன். 1920களில் செய்தது என்கிறார்கள். முழுக்க நிக்கல் பூச்சு, ஹேமர், ட்ரிக்கர் உட்பட எல்லாமே கண்ணாடி மாதிரி மின்னுகிறது, ஒரு கீறல் இல்லை. விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் இந்த நிலையில் இன்னொன்று கிடைக்குமா என்று தெரியவில்லை. வாங்கலாமா? அப்புறம், எந்த வரிசையில் சேகரிப்பது, காகித வேலை என்ன என்ன, இதையும் விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய_இரும்பு:

தம்பி, அந்த நிக்கல் துப்பாக்கியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. ஸ்மித் அண்ட் வெஸன் தொழிற்சாலையில் நிக்கல் பூசி அனுப்பினாலும் ஹேமருக்கும் ட்ரிக்கருக்கும் நிக்கல் பூசுவதில்லை. அந்த இரண்டையும் கடினப்படுத்தும்போது சாம்பலும் நீலமும் பழுப்புமாக மேகம் படர்ந்த மாதிரி ஒரு நிறம் வரும், அதை அப்படியே விட்டுவிடுவார்கள். அவையும் மின்னுகின்றன என்றால் பிற்காலத்தில் யாரோ மொத்தத்தையும் பிரித்துக் கொண்டுபோய்ப் பட்டறையில் முலாம் பூசி வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சந்தேகம் இருந்தால் பேரல் மேல் இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். பாலிஷ் சக்கரத்தில் வைத்துத் தேய்த்திருந்தால் எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும், திருகு இருக்கும் துளைகளைச் சுற்றி லேசாகக் குழி விழுந்திருக்கும், ஃப்ரேமின் கூர்மையான விளிம்புகள் உருண்டு போயிருக்கும். விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் கண்ணுக்கே தெரியும்.

புதிதாக வருகிறவர்கள் பளபளப்பைப் பார்த்து மயங்குவது சகஜம். ஆனால் இந்தத் துறையில் நீலப் பூச்சு பாதி போய், ஓரங்களில் உறையோடு உரசி வெள்ளையாகத் தேய்ந்து, அதே சமயம் யாரும் கை வைக்காத துப்பாக்கிக்குத்தான் மதிப்பு. தேய்ந்ததைத் தேய்ந்ததாகவே வைத்திருங்கள். மறுபடி பூச்சுப் போட்டால் போன மதிப்பு திரும்பாது.

வாங்கும்முன் எண்களைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய ஸ்மித் அண்ட் வெஸனில் பிடியின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணே சிலிண்டரின் பின்முகத்திலும், பேரலுக்கு அடியில் எஜெக்டர் ராட் (சுட்ட கூடுகளை வெளியே தள்ளும் கம்பி) படுத்திருக்கும் பள்ளத்திலும், அந்தக் கூடுகளைத் தூக்கும் நட்சத்திர வடிவத் தகட்டின் பின்னாலும் அடித்திருக்கும். எனக்கு ரொம்பப் பிடித்தது மரப்பிடிதான். வலது பக்கப் பலகையைக் கழற்றித் திருப்பினால் உள்பக்கம் அதே எண்ணைப் பென்சிலால் எழுதியிருப்பார்கள், அந்தப் பலகை அந்த ஃப்ரேமுக்காகவே இழைத்துப் பொருத்தியது என்பதற்கு அடையாளம். நூறு வருடத்துப் பென்சில் எழுத்து சில துப்பாக்கிகளில் இன்னும் தெளிவாக இருக்கும். கடைக்காரரிடம் கேட்டால் பிடியைக் கழற்றிக் காட்டுவார், மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

எந்த வரிசை என்று கேட்டீர்கள். எல்லாருக்கும் முதலில் தோன்றுவது 1873இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி. அதைத் தொடாதீர்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். விலையும் அதிகம், போலியும் அதிகம். ராணுவத்துக்குப் போனவற்றில் ஃப்ரேமில் ராணுவ முத்திரையும் பிடியில் ஆய்வாளரின் முதலெழுத்துகளும் இருக்கும், அவை இருந்தால் விலை பல மடங்கு ஏறும் என்பதால் முத்திரையைப் புதிதாக அடித்து விற்கிறவர்கள் உண்டு. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1890களின் நடுவில் ராணுவம் அந்தப் பழைய ஏழரை அங்குலப் பேரல்களை ஐந்தரை அங்குலமாக வெட்டிப் புதுப்பித்தது. ஆர்ட்டிலரி மாடல் என்று சொல்வது அதைத்தான். பிரித்த பாகங்களை எண் பார்த்துச் சேர்க்கவில்லை, கைக்குக் கிடைத்ததைப் பூட்டினார்கள், அதனால் அவற்றில் எண்கள் கலந்திருப்பதுதான் இயல்பு. ஆக ஒரு மாடலில் குறையாக இருப்பது இன்னொன்றில் அசலுக்கு அடையாளம். இதெல்லாம் கை பழகிய பிறகு பார்க்க வேண்டியவை.

என் யோசனை, ஸ்மித் அண்ட் வெஸன் மிலிட்டரி அண்ட் போலீஸ் வரிசையையே பிடியுங்கள். 1899இல் தொடங்கி, 1957இல் மாடல் 10 என்று பெயர் மாறி, 60 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். எண்ணிக்கை அதிகம் என்பதால் நல்ல நிலையில் இருப்பதுகூட நியாயமான விலைக்குக் கிடைக்கும், அதே சமயம் உள்ளுக்குள் இத்தனை மாற்றங்கள் நடந்திருக்கின்றன, ஒரு ஆயுசுக்குப் போதும். உதாரணத்துக்கு, முதல் 1899 மாடலில் எஜெக்டர் ராடின் முன்முனை எதிலும் மாட்டாமல் அந்தரத்தில் நிற்கும். 1902இல் பேரலுக்கு அடியில் ஒரு குமிழ் வைத்து முன்பக்கமும் பூட்டினார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏன் மாற்றினார்கள் என்பது யாரும் சொல்லாமலே புரியும்.

பத்திரக்காரன்:

காகித வேலை பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

முதலில் இதைப் படிக்கும் மற்ற எச்1பி, எஃப்1 நண்பர்களுக்கு. குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு, ஆனால் வக்கீலிடம் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். பிடிபட்டால் வேலை, விசா, குடும்பம் எல்லாம் சேர்ந்து ஆடிப்போகும். க்ரீன் கார்டு வரும்வரை காத்திருந்தது ரொம்பச் சரியான முடிவு பிரேசோஸ்கரை.

க்ரீன் கார்டு இருந்தால் கடையில் வழக்கமான படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து வாங்கலாம். கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். வேறு மாநிலத்தில் இருப்பவரிடம் நேரடியாக வாங்கக்கூடாது, உங்கள் மாநிலத்தில் உரிமம் பெற்ற கடை வழியாக வர வேண்டும். சேகரிப்பவர்களுக்கு என்று தனி உரிமம் ஒன்று இருக்கிறது. மூன்று வருடத்துக்கு 30 டாலர்தான். 50 வருடத்துக்கு மேல் பழையதாகவும் அசல் அமைப்பிலேயும் இருக்கும் துப்பாக்கிகளை மற்ற மாநிலங்களிலிருந்தும் அந்த உரிமத்தில் நேரடியாக வாங்கலாம். பதிலுக்கு ஒரு பதிவேடு எழுதிவர வேண்டும், எது எப்போது யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போனது எல்லாம். வியாபாரம் செய்வதற்கு அது செல்லாது. வாங்கி விற்று லாபம் பார்க்கும் எண்ணம் இருந்தால் அது வேறு உரிமம்.

1898 வரை செய்தவை மத்திய சட்டத்தின் பார்வையில் தொல்பொருள், துப்பாக்கிக் கணக்கிலேயே வராது. ஆனால் மாநிலச் சட்டம் வேறு மாதிரி இருக்கலாம், அதைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

பிள்ளைகள் விஷயம். டெக்ஸாஸில் சுடத் தயாரான துப்பாக்கியை அலட்சியமாக விட்டுவைத்து, அது 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் கைக்குக் கிடைத்துவிட்டால் குற்றம். சட்டத்தை விடுங்கள், முதல் துப்பாக்கி வருவதற்கு முன்னால் இரும்புப் பெட்டி வந்து தரையோடு போல்ட் போட்டு நிற்க வேண்டும். தோட்டா வாங்கினால் வேறு அறையில், வேறு பூட்டில்.

மயிலைவாசி:

அமெரிக்காவில் இருப்பவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. இங்கே இந்தியாவில் சேகரிப்பு என்ற பேச்சுக்கே இடம் குறைவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒரு லைசென்ஸ்தாரர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், முன்பு மூன்று. தேர்தல் வந்தால் பெரும்பாலும் அதையும் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ஆயுதச் சட்டம் 45ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. பழைய வடிவமாகவோ தொல்பொருள் மதிப்புள்ளதாகவோ இருந்து, பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால் சட்டம் பொருந்தாது. தாத்தா காலத்து வெப்லி ரிவால்வர் பெட்டியில் கிடந்தால் அது அந்த விலக்கில் வருமா என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், சுடக்கூடிய நிலையில் இருந்தால் அது உரிமம் இல்லாத ஆயுதம், அவ்வளவுதான். முதலில் வக்கீலைப் பாருங்கள், பிறகு அவரோடு காவல் நிலையம்.

என் ஆசைக்குக் கோட்டை அருங்காட்சியகம் போய் வருவேன். அங்கே இருக்கும் ஆயுதங்களை நிதானமாகப் பார்த்தால் நேரம் போவதே தெரியாது.

லீட்ஸ்வாசி:

பிரிட்டனில் டன்பிளேன் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு 1997இல் கைத்துப்பாக்கிகளை ஏறக்குறைய மொத்தமாகத் தடை செய்துவிட்டார்கள். சேகரிப்பவர்களுக்கு மிஞ்சியது வழக்கொழிந்த தோட்டா வகைகள்தான். அந்தப் பட்டியலில் உள்ள அளவுக்குச் செய்த பழைய ரிவால்வரை அலங்காரப் பொருளாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். 2021இல் பட்டியலிலிருந்தும் ஏழு வகைகளை எடுத்துவிட்டார்கள், 44 ரஷ்யன், 41 கோல்ட் எல்லாம் போய்விட்டன, குற்றவாளிகள் அவற்றுக்குத் தோட்டா செய்து பயன்படுத்தினார்கள் என்பது காரணம். பல வருடம் ஒழுங்காக வைத்திருந்தவர்கள் சான்றிதழுக்கு ஓட வேண்டியதாயிற்று. அதனால் எந்த நாட்டில் இருந்தாலும் வாங்கிய ரசீதையும் துப்பாக்கியின் படங்களையும் சேர்த்து வையுங்கள், சட்டம் மாறும்போது அதுதான் கைகொடுக்கும்.

பிரேசோஸ்கரை:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் வரும் என்று நினைக்கவில்லை. பழைய_இரும்பு அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே பார்த்தேன், எழுத்து மழுங்கித்தான் இருக்கிறது, பிடிக்கு உள்ளே எண்ணும் இல்லை. அதை விட்டுவிட்டேன். இரும்புப் பெட்டி ஆர்டர் செய்தாயிற்று. இப்போது ஒரு பெரியவர் விக்டரி மாடல் (மிலிட்டரி அண்ட் போலீஸின் போர்க்கால வடிவம்) ஒன்று விற்கிறேன் என்கிறார். ஐந்து அங்குலப் பேரல், சாம்பல் நிறம், பிடிக்கு அடியில் வளையம், எண் வி எழுத்தில் தொடங்குகிறது. பேரலில் ஏதேதோ சின்னச் சின்ன முத்திரைகள். 38 ஸ்பெஷல் தோட்டாவும் போடலாம் என்கிறார். கூடவே பழைய தோல் உறையும் தருகிறாராம். இது சரிப்படுமா?

பழைய_இரும்பு:

இது நல்ல ஆரம்பம், ஆனால் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். ஐந்து அங்குலம் என்றால் இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனுக்கும் காமன்வெல்த் நாடுகளுக்கும் கொடுத்த வகை. அந்தச் சின்ன முத்திரைகள் அங்கே போய் வந்ததற்கான சோதனை முத்திரைகளாக இருக்கும். அவற்றுக்கு 38 எஸ் அண்ட் டபிள்யூ என்ற குட்டையான, கொஞ்சம் பருத்த தோட்டா. போர் முடிந்து அமெரிக்காவுக்குத் திரும்பி வந்தபோது நிறையத் துப்பாக்கிகளில் சிலிண்டர் அறைகளை உள்ளே குடைந்து 38 ஸ்பெஷல் நுழையும்படி செய்து விற்றார்கள். ஸ்பெஷல் ஒல்லியாக இருப்பதால் சுடும்போது பித்தளைக் கூடு வீங்கும், சில சமயம் பிளக்கும். ஆகவே அந்தப் பெரியவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வெடிமருந்து இல்லாத மாதிரித் தோட்டா ஒன்றைக் கொண்டுபோய் அறையில் விட்டுப் பாருங்கள். 38 ஸ்பெஷல் முழுக்க உள்ளே போனால் குடைந்திருக்கிறார்கள். போகாமல் வெளியே நின்றால் அறை அசல், வாங்கலாம். குடைந்தது என்றால் அதற்கேற்ற விலை பேசுங்கள், அதைச் சுடவே வேண்டாம்.

எண் வெறும் வி எழுத்தில் தொடங்குவதையும் கவனியுங்கள். போரின்போது தோட்டா போட்ட விக்டரி ஒன்று கீழே விழுந்து வெடித்து ஒரு கடற்படை வீரர் இறந்தார். அதற்குப் பிறகுதான் 1944 கடைசியில் ஹேமரைத் தடுக்கும் புதிய தகடு வைத்தார்கள், அவற்றின் எண் எஸ்வி என்று தொடங்கும். உங்களுடையது அதற்கு முந்தையது, தோட்டா போட்டு வைக்கிற துப்பாக்கி இல்லை.

கடிதம் வாங்குங்கள். கம்பெனியின் பழைய பதிவுகளை வைத்திருக்கும் வரலாற்று அறக்கட்டளை கட்டணம் வாங்கிக்கொண்டு சீரியல் எண்ணைப் பார்த்து எந்தத் தேதியில், யாருக்கு, என்ன பேரல், என்ன பூச்சில் அனுப்பினார்கள் என்று எழுதித் தரும். ஸ்மித் அண்ட் வெஸனில் எண் வரிசைப்படி வெளியே போகவில்லை, எண்ணை வைத்து நாமே வருடத்தைக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

உறையைத் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் துப்பாக்கியை அதற்குள் போட்டு வைக்காதீர்கள். தோல் பதனிட்ட உப்பும் அமிலமும் ஈரத்தை இழுத்து, ஹூஸ்டன் புழுக்கத்தில் சில மாதத்தில் பூச்சைத் தின்றுவிடும். பெட்டியில் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். பருத்திக் கையுறை போட்டு எடுங்கள், லேசாக எண்ணெய், அல்லது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உருவாக்கிய ரெனசான்ஸ் மெழுகு தடவுங்கள். திருகைக் கழற்றச் சாதாரண ஸ்க்ரூட்ரைவர் வேண்டாம், அதன் முனை ஆப்பு மாதிரி சரிந்திருப்பதால் திருகின் வாயைக் கிழித்துவிடும், துப்பாக்கி வேலைக்கென்று பக்கம் நேராக இழைத்த முனை உள்ளதாக வாங்குங்கள். சிலிண்டரைப் படத்தில் வருகிற மாதிரி மணிக்கட்டால் உதறி மூடாதீர்கள், சிலிண்டரைத் தாங்கும் இரும்புக் கை வளைந்து பூட்டு தளர்ந்துவிடும். பெரியவரைப் பார்க்கும்போது பேரலின் எண்ணையும் சிலிண்டரின் எண்ணையும் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.