ஸ்பிரிங் இறக்கிய ஸ்விஃப்ட்: 90-ஐத் தாண்டினால் நேராகப் போக மாட்டேன் என்கிறது, அலைன்மென்ட் ரிப்போர்ட் மட்டும் ஓகே

திருப்பூர்_டீசல்:
வணக்கம். என்னுடையது 2013 ஸ்விஃப்ட் டீசல், 1,12,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் வண்டியின் உயரத்தை 40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் நாலு பக்கமும் போட்டேன். ஷாக் அப்சார்பர் மாற்றவில்லை, வண்டியோடு வந்ததேதான். கூடவே 16 இஞ்ச் அலாய், 195/55 டயர். நிற்கும்போது வண்டி அம்சமாக இருக்கிறது, ஓட்டினால்தான் தலைவலி.

சேலம் ரோட்டில் 90-ஐத் தாண்டினால் வண்டி நீந்துகிற மாதிரி இருக்கிறது, லாரியைத் தாண்டும்போது கை ஓயாமல் ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். பாலத்து இணைப்புகளில் ஏறும்போது ஸ்டீயரிங் தானாக ஒரு வெட்டு வெட்டுகிறது. வலது பக்கம் திரும்பி நேராக வந்த பிறகும் கொஞ்ச தூரம் வலது பக்கமே இழுக்கிறது, அடுத்து இடது பக்கம் ஒரு தடவை திரும்பிவிட்டால் அப்புறம் இடது பக்கம் இழுக்கிறது, பேய் பிடித்த மாதிரி. 80-க்கும் 90-க்கும் நடுவில் ஸ்டீயரிங்கில் நடுக்கம் வேறு. போன வாரம் வால்பாறையிலிருந்து நாலு பேரோடு இறங்கும்போது ஒரு வளைவில் பள்ளத்தில் விட்டேன், முன்பக்கம் அப்படியே வெளியே வழுக்கிக்கொண்டு போனது. மனைவி அன்றிலிருந்து இந்த வண்டியில் ஏறுவதில்லை.

இரண்டு இடத்தில் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்ப்பது, செய்துவிட்டேன். இரண்டிலும் எல்லாம் பச்சை, ஓகே என்கிறார்கள். எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

சும்மாபடிப்பவன்:
பழைய ஸ்பிரிங்கை எடுத்து மாட்டுங்கள், பிரச்சினை முடிந்தது. அப்புறம் ஒன்று, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. விபத்து என்று ஒன்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் குனிந்து பார்ப்பது வண்டிக்கு அடியில்தான்.

பட்டறைவாசி:
மேலே நண்பர் சொன்ன சட்டம் சரிதான், அதை மறக்க வேண்டாம். ஆனால் பழைய ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டினாலும் உங்கள் தொல்லையில் பாதி அப்படியே இருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரே கோளாறு என்று நினைத்துத் தேடுவதால்தான் யாருக்கும் கிடைக்கவில்லை. நீங்கள் எழுதியதில் குறைந்தது நாலு தனித்தனிக் கோளாறு இருக்கிறது.

நடுக்கத்தை முதலில் தள்ளிவிடலாம். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து போனால் அது சஸ்பென்ஷன் இல்லை, வீல். ஸ்விஃப்டில் வீல் உட்காரும் ஹப்பின் நடு விட்டம் 54.1 மி.மீ. வெளியே விற்கும் அலாய்களில் நடு ஓட்டை பெரும்பாலும் அதைவிடப் பெரிதாக இருக்கும், 67.1 என்பது சாதாரணமாகக் கிடைக்கும் அளவு. நடுவில் அந்த இடைவெளியை அடைக்கும் ரிங் போடாமல் வெறும் நட்டை மட்டும் நம்பி மாட்டினால் வீல் ஒரு மயிரிழை தள்ளி உட்காரும், அப்புறம் எத்தனை தடவை பேலன்சிங் செய்தாலும் நடுக்கம் போகாது. வீலைக் கழற்றி ரிங் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது அந்த இழுப்பு. இதில்தான் நீங்கள் நல்ல துப்பு கொடுத்திருக்கிறீர்கள். இரண்டு பக்கம் கேம்பர், அதாவது சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம், வேறுபட்டாலோ, டயரில் கோளாறு இருந்தாலோ, ஒரு பக்கம் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலோ வண்டி எப்போதும் ஒரே பக்கம்தான் இழுக்கும். கடைசியாகத் திரும்பிய பக்கமே இழுக்கிறது என்றால் ஏதோ ஒன்று திரும்பின இடத்திலேயே பிடித்துக்கொள்கிறது. ஸ்பிரிங் மாற்றும்போது ஸ்ட்ரட்டை, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தொகுப்பை, பிரித்திருப்பார்கள், மேல் மவுண்டுக்கும் ஸ்பிரிங் தட்டுக்கும் நடுவில் ஒரு பேரிங் உண்டு, என் சந்தேகம் அதன் மேல்தான். லட்சம் கி.மீ. ஓடிய பேரிங்கை அப்படியே திரும்பப் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் தலைகீழாக. கண்டுபிடிக்கச் செலவே இல்லை. வண்டி தரையில் நிற்கட்டும், இன்ஜின் ஓடட்டும், ஒருவர் ஸ்டீயரிங்கை மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பட்டும். நீங்கள் ஸ்பிரிங் சுருளின் மேல் உள்ளங்கையை லேசாக வைத்துப் பாருங்கள், சுருள்களுக்கு நடுவில் விரலை விட வேண்டாம். ஸ்பிரிங் சீராகச் சுழல வேண்டும். முறுக்கிக்கொண்டே போய் 'டொங்' என்று விட்டுக் குதித்தால் பேரிங் போச்சு.

பாலத்தில் வெட்டுவதற்குப் பதில் சொல்லுமுன் இரண்டு கேள்வி. சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடில் லாக் நட்டுக்கு வெளியே தெரியும் மரை இடது பக்கம் எத்தனை, வலது பக்கம் எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள். சக்கரம் நேராக இருக்கும்போது ஸ்டீயரிங் இடது கோடிக்கு எத்தனை சுற்று, வலது கோடிக்கு எத்தனை?

திருப்பூர்_டீசல்:
ரொம்ப நன்றி அண்ணா. இன்று லீவு, உட்கார்ந்து எல்லாம் பார்த்தேன். ரிங் இல்லை. இடது ஸ்பிரிங் நீங்கள் சொன்ன மாதிரியே குதிக்கிறது, சத்தம் வீட்டுக்குள் இருந்தவருக்கே கேட்டது. வலது பக்கம் பரவாயில்லை. மரை இடது 11, வலது 19. ஸ்டீயரிங் வலப்பக்கம் ஒன்றரைச் சுற்றுக்கு மேல் போகிறது, இடப்பக்கம் அவ்வளவு இல்லை. இப்போதுதான் ஒன்று உறைக்கிறது, வலப்பக்கம் யூ டர்ன் ஒரே தடவையில் எடுத்துவிடுவேன், இடப்பக்கம் என்றால் ரிவர்ஸ் போட்டுத்தான் திருப்ப வேண்டியிருக்கிறது. முன்பு இப்படி இல்லை.

பட்டறைவாசி:
11-க்கும் 19-க்கும் எட்டு மரை வித்தியாசம்! யாரோ ஒருவர் ஒரு பக்க டை ராடை மட்டும் திருகி மொத்த டோவை, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் அளவை, சரிக்கட்டியிருக்கிறார். அதனால் ஸ்டீயரிங் கோணலாக நின்றிருக்கும், அதைக் கழற்றி, தண்டில் பல் மாற்றி நேராக மாட்டிக் கொடுத்துவிட்டார். கம்ப்யூட்டர் திரையில் பச்சை வந்துவிடும், அது பொய்யில்லை. சக்கரம் இரண்டும் நேராகத்தான் நிற்கிறது. ஆனால் உள்ளே ரேக், அதாவது ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது டை ராடுகளை இடவலமாகத் தள்ளும் பல் தண்டு, நடுவில் இல்லை, ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கிறது.

நிற்கிற வண்டியில் இது தெரியாது, சக்கரம் மேலும் கீழும் போகும்போதுதான் தெரியும். டை ராடும், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மும் ஏறக்குறைய ஒத்த வட்டத்தில் ஆடினால்தான் சக்கரம் மேலே போனாலும் டோ மாறாது. 40 மி.மீ. இறக்கியதில் இரண்டின் கோணமும் ஏற்கெனவே மாறிவிட்டது, அதனால் ஒவ்வொரு மேட்டிலும் டோ கொஞ்சம் மாறத்தான் செய்யும். இரண்டு பக்கமும் ஒரே அளவு மாறினால் வண்டி சமாளித்துக்கொண்டு நேராகப் போகும். ரேக் ஒதுங்கியிருந்தால் இடது ஒரு அளவு, வலது ஒரு அளவு. அந்த மீதிதான் உங்கள் கையில் வெட்டாக வருகிறது.

நம்பிக்கை இல்லையென்றால் நீங்களே அளக்கலாம். முன் சக்கரம் ஒவ்வொன்றின் கீழும் இரண்டு பழைய டைல்ஸ், நடுவில் கிரீஸ், சக்கரம் தாராளமாக வழுக்க வேண்டும். ஸ்டீயரிங்கை அசையாமல் கட்டிவிட்டு வண்டியின் நீளத்துக்கு இரண்டு பக்கமும் நூல் கட்டி, ரிம்மின் முன் விளிம்பிலிருந்தும் பின் விளிம்பிலிருந்தும் நூலுக்கு உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். பிறகு சக்கரம் டைல்ஸிலேயே இருக்க, ஜாக்கியால் முன்பக்க பாடியை மட்டும் 25 மி.மீ. தூக்கித் திரும்ப அளங்கள். இரண்டு பக்கமும் வேறு வேறு அளவு மாறியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஹேர்பின்40:
வால்பாறை விஷயத்துக்கு மட்டும் வருகிறேன், ஆழியாறிலிருந்து ஏறும் அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் இப்படி இறக்கிய வண்டியை ஓட்டிப் பட்டவன் நான். உங்களுக்கு ஷாக் அடியில் போய் முட்டுகிறது. ஷாக்கின் தண்டில் ஒரு ரப்பர் பம்ப் ஸ்டாப் இருக்கும். 40 மி.மீ. இறக்கினால் ஷாக்கின் பயணத்தில் கிட்டத்தட்ட அவ்வளவு போய்விட்டது, நாலு பேர் ஏறி, இறக்கத்தில் பிரேக்கும் பிடித்தால் முன்பக்கம் ஏற்கெனவே அந்த ரப்பரின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். அதோடு பள்ளத்தில் விட்டால் ஸ்பிரிங் இல்லாத வண்டி மாதிரி ஆகிவிடும், வெளிப்பக்க டயர் பிடியை விட்டுவிடும். தண்டில் ஒரு சின்ன கேபிள் டை கட்டிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், எதுவரை தள்ளப்பட்டிருக்கிறது என்று தெரியும். சில ஸ்பிரிங் செட்டுகளில் ரப்பரை எவ்வளவு வெட்ட வேண்டும் என்று தாளிலேயே போட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை. ஆனால் 1,12,000 ஓடிய ஷாக்குக்கு ரப்பரை வெட்டி என்ன பயன், இறக்கிய உயரத்துக்கென்று உள்ள ஷாக்தான் வாங்க வேண்டும்.

நாலுபோல்ட்டு:
இன்னொன்று, இதை யாரும் சொல்லவில்லை. லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை வண்டி லிஃப்டில் தொங்கும்போதே டைட் வைத்துவிட்டார்களா என்று கேளுங்கள். அந்த ரப்பர் சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்ளத்தான் செய்யும். சக்கரம் தொங்கும் நிலையில் டைட் வைத்தால் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கியபடியே நிற்கும், சீக்கிரம் கிழியும், அந்தக் கிழிசலிலிருந்துதான் நீந்தல் வரும். போல்ட்டைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் நிறுத்தி, நாலு தடவை அமுக்கிவிட்டுப் பிறகு டைட் வைக்க வேண்டும். அலைன்மென்ட் எல்லாவற்றுக்கும் கடைசியில்.

திருப்பூர்_டீசல்:
பதினைந்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். பழைய இடத்துக்குப் போகவில்லை, சண்டை போட்டு என்ன ஆகப் போகிறது. வேறு பட்டறையில் கொடுத்தேன். இடது மேல் பேரிங் துருப்பிடித்து இறுகியிருந்தது, தூசு மூடியும் காணோம். இரண்டு பக்கமும் பேரிங், மவுண்ட் புதிது. இடது லோயர் ஆர்ம் பின் புஷ்ஷில் கிழிசல், அதனால் இரண்டு புஷ்ஷும் மாற்றி, தரையில் நிறுத்தித்தான் டைட் வைத்தார்கள், நான் பக்கத்திலேயே நின்றேன். ரேக்கை நடுவுக்குக் கொண்டு வந்து இரண்டு டை ராடையும் சமமாக வைத்து, ஸ்டீயரிங்கைக் கழற்றிச் சரியான பல்லில் மாட்டி, பிறகுதான் அலைன்மென்ட். இப்போது மரை 15, 15. ரிங்கும் போட்டாயிற்று, நடுக்கம் சுத்தமாக இல்லை.

திருப்பிய பக்கம் இழுப்பதும் போய்விட்டது. 100-ல் ஒரு கையால் பிடித்தாலும் கோடு மாதிரி போகிறது. பாலத்தில் மட்டும் லேசாக ஒரு அசைவு மிச்சம் இருக்கிறது. ஷாக்குக்கு இன்னும் பணம் சேரவில்லை. கேபிள் டை கட்டிப் பார்த்தேன், ரப்பர் வரை தள்ளிக்கொண்டு போய்விட்டது, ஹேர்பின்40 சொன்னதுதான்.

பட்டறைவாசி:
அந்த மிச்ச அசைவு 40 மி.மீ.யின் விலை தம்பி, உயரத்தைக் கொஞ்சம் ஏற்றினால்தான் குறையும். ஷாக் வரும்வரை ஆள் ஏற்றிக்கொண்டு மலைப் பக்கம் போகாதீர்கள்.

திருப்பூர்_டீசல்:
மாமனார் வீடு வால்பாறையில் அண்ணா. பொங்கலுக்கு பஸ்தான்.