டிசம்பரில் கம்பம் போகிறவர்களுக்கு

ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம். பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம் என்று போன ஞாயிறு சிங்கப்பூர்த் தேக்காவில் பார்த்த மூன்று குடும்பத்தார் சொன்னார்கள். தாராளமாகப் போய்வாருங்கள், ஆனால் அது சபரிமலை சீசன். கார்த்திகை ஒன்றிலிருந்து மகரவிளக்கு வரை நிறைய ஐயப்பமார் வண்டிகள் நம் கம்பம் பள்ளத்தாக்கு வழியாகத்தான் குமுளிக்கு ஏறும். கூட்டம் கூடினால் போலீஸ் ஒருவழிப்பாதையாக்கிவிடும்: ஏறுவது கம்பம்மெட்டு வழி, இறங்குவது லோயர்கேம்ப் வழி. இது தெரியாமல் போன வருஷம் தேக்கடிப் படகுக்கென்று காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். கம்பத்திலேயே திருப்பிவிட்டார்கள், மெட்டு வளைவுகளில் சின்னவள் இரண்டு தடவை வாந்தி, போய்ச் சேர்ந்தால் சீட்டு தீர்ந்துவிட்டது. விடியும் முன்னே கிளம்புங்கள், சீட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

மதுரைக்கு நேரடி விமானம் நாலு மணி நேரம்தான். அதற்கப்புறம் கம்பத்துக்குக் காரில் மூன்று மணி நேரம் ஆகும். பஸ் என்றால் ஆரப்பாளையம் போக வேண்டும். ரயில் 2023இலிருந்து போடி வரை வருகிறது, ஆனால் நமக்குத் தேனியில் இறங்கி இன்னும் நாற்பது கிலோமீட்டர் இருக்கிறது, பெட்டி படுக்கையோடு அதெல்லாம் வேண்டாம்.

சுருளி அருவிக்குப் போகுமுன் கம்பத்தில் யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் பெருகினாலோ யானை நடமாட்டம் இருந்தாலோ வனத்துறை விடாது.

பன்னீர் திராட்சையை ரோட்டோரக் கடையில் வாங்காமல், தோட்டத்துக்குள் இறங்கிக் கேளுங்கள். கொடியில் இருக்கும் குலையில் கருநீலத் தோல்மேல் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும், விரல் பட்டால் அழிந்துவிடும். கடைக் குலையில் அது இருக்காது. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து விலை கேட்கவே பெருமையாக இருக்கிறது, கொடுக்கும்போதுதான் வலிக்கிறது! சிங்கப்பூருக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள், இரண்டு நாளில் குழைந்துவிடும், அங்கேயே தின்று தீருங்கள்.

குமுளியிலிருந்து இறங்கும்போது லோயர்கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபத்தில் பத்து நிமிஷமாவது நில்லுங்கள். அவர் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895இல் முடிந்து, மேற்கே ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் திரும்பிய கதையை அங்கே நின்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரிகிறது. வீட்டில் சொன்னால் போனைத்தான் பார்க்கிறார்கள்.

டிரைவர் வேண்டுமென்றால் என்னைக் கேளுங்கள். மலைப்பாதை அத்துப்படி, ஹாரன் மட்டும் கொஞ்சம் அதிகம்.