கண்மாயில் மண் அள்ளுற இடத்துக்குத் தனியா போய்ப் படம் எடுக்கலாமா?

பள்ளத்தூர்ப் பகுதிநேரம்:
காரைக்குடி வட்டாரத்துல பகுதிநேர நிருபரா இருக்கேன். ஒரு கண்மாய்ல விவசாயத்துக்கு வண்டல்னு அனுமதி வாங்கிட்டு, ராத்திரி முழுக்க லாரியில சவுடு மண் அள்ளுறாங்க. பைக்கில் போய் வீடியோ எடுக்கலாம்னு இருக்கேன். என்னென்ன முன்னேற்பாடு வேணும்?

கோட்டையூரான்:
ராத்திரி போகவே வேணாம் தம்பி. குழிக்குப் பக்கத்துல இருக்கிற ஆபத்தைவிட ரோட்டுலதான் பெருசு. 2018 மார்ச்சில் மத்தியப் பிரதேசம் பிண்டில் மணல் கொள்ளையை அம்பலப்படுத்தின டிவி நிருபர், பைக்கில் போறப்பதான் லாரி ஏறிச் செத்தார்.

பாதி வேலை மேசையிலேயே முடியும். அனுமதி ஆணையோட நகலைத் தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க, 30 நாள்ல பதில் தரணும். எந்தப் புல எண், எத்தனை கனமீட்டர்னு பாத்து, எப்எம்பி வரைபடத்தோட (ஒவ்வொரு புல எண்ணோட எல்லை, அளவைக் காட்டுற அரசு வரைபடம்) ஒப்பிட்டா எல்லை தாண்டினது தெரிஞ்சிடும். அப்புறம் பகல்ல, லாரி ஓடாத நேரத்துல, ஊர்க்காரர் ஒருத்தரோட போங்க. ஆழம் காட்ட ஆளைக் குழிக்குள்ள நிறுத்தாதீங்க. செங்குத்தா வெட்டின கரை சொல்லாம சரியும். ஜேசிபி இறங்குற சரிவுல ஏழடிக் கம்பு ஒண்ணை நட்டு எடுத்தா போதும்.

செக்காலைக்காரன்:
வண்டியை ரோட்டைப் பாத்து நிறுத்துங்க, கரையில திருப்ப இடம் இருக்காது. போன்ல கைரேகைப் பூட்டை எடுத்துட்டு ஆறிலக்க எண் வைங்க. இல்லேன்னா உங்க விரலைப் பிடிச்சு அழுத்தியே திறந்துருவாங்க. எடுத்த கையோட படத்தை டாகுமெண்டா ஆபீசுக்குத் தட்டி விடுங்க. சாதாரணமா அனுப்பினா வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, எடுத்த நேரம், இடத்தையும் அழிச்சிடும். வழக்குன்னு வந்தா அதுதானே வேணும்! தகவல் சொன்னவர் வீட்டுப் பக்கம் எடுத்த படத்துக்கு மட்டும் நேர்மாறு, அதில் இடம் தெரியவே கூடாது.

பள்ளத்தூர்ப் பகுதிநேரம்:
நன்றிண்ணே. மிரட்டல் வந்தா ஸ்டேஷன்ல சொல்லி வச்சா போதுமா?

கோட்டையூரான்:
வாயால சொல்றது கணக்குல வராது. 2024 ஜனவரியில் பல்லடம் பக்கம் வெட்டுப்பட்ட டிவி நிருபர், ஆபத்துன்னு முன்னாடியே போலீசுக்கு போன் மேல போன் போட்டவர்தான். எழுதிக் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகார் வந்துச்சுன்னு ஸ்டேஷன்ல பதிஞ்சு தர்ற சீட்டு, வாங்குங்க, எஸ்பிக்கும் ஒரு நகல் அனுப்புங்க. ரசீது இருந்தா ஆபத்து வராதுன்னு இல்லை, பின்னாடி யாரும் "தெரியாது"ன்னு சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, ஆபீஸ் சொல்லித்தான் போறீங்கன்னு எடிட்டர்கிட்ட எழுத்துல வாங்கிக்கங்க. பகுதிநேர ஆள் மாட்டினா "எங்க நிருபரே இல்லை"ன்னு கைகழுவுறது இந்தத் தொழில்ல சகஜம். முடிஞ்சா தேவகோட்டை, காரைக்குடி நிருபர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே நாள்ல செய்தி போடுங்க. அதுக்கப்புறம் ஒரு வாரத்துக்காவது தினம் ஒரே நேரத்துல ஒரே டீக்கடையில உக்காராதீங்க.