கேசியா, ரோஸ் ஆஃப் ஷாரனா: இந்த நாவலில் கிறிஸ்து யார்?

உப்புவெளி வாசகி:
எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் நாங்கள் ஐந்து பேர் மாதம் ஒரு நாவல் வாசித்துவிட்டு ஞாயிறு பின்னேரம் கடற்கரையில் இருந்து கதைப்போம். இந்த முறை ஜோன் ஸ்டைன்பெக்கின் 'த கிரேப்ஸ் ஆஃப் ராத்' (1939). வரட்சியும் வங்கியும் டிராக்டரும் சேர்ந்து காணியை விட்டு எழுப்பிய ஜோட் என்ற ஒக்லஹோமாக் குடும்பம் ஒன்று, பழைய ஹட்சன் காரை அறுத்து லொறியாக்கி, 66ஆம் நெடுஞ்சாலையால் கலிபோர்னியாவுக்குப் போகிற கதை. போன இடத்தில் வேலையும் இல்லை, மரியாதையும் இல்லை, 'ஓக்கி' என்ற வசைப்பெயர்தான்.

சண்டை வந்தது ஜிம் கேசியில். முன்பு பிரசங்கியாக இருந்து அதை விட்டவர். கேசிதான் இந்த நாவலின் கிறிஸ்து, மற்றவர்களுக்காகத் தன்னைக் கொடுக்கிறவர், இதில் கதைக்க ஒன்றுமே இல்லை என்கிறார் எங்கள் குழுவில் ஒரு அண்ணா. ஆங்கிலத்தில் இயேசு கிறிஸ்துவின் முதலெழுத்துகள்தான் இவருக்கும், ஜோட் குடும்பத்தில் பன்னிரண்டு பேர், லொறியில் ஏறும்போது இவர் பதின்மூன்றாவது ஆள். அதெல்லாம் சரி. ஆனால் எழுத்தையும் தலையையும் எண்ணி ஒருவரைக் கிறிஸ்து என்று சொல்லிவிடலாமா? கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு நான் கன நேரம் அப்படியே இருந்தேன், அப்போது என் மனதில் நின்றது கேசி இல்லை, ஜோட் குடும்பத்து மகள் ரோஸ் ஆஃப் ஷாரன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இடம்பெயர்ந்த குடும்பங்களின் கதைகளில் இப்படியான ஆட்கள் எப்படி வருகிறார்கள் என்றும் சொல்லுங்கள்.

மூதூர்க்காரன்:
தங்கச்சி, முதலெழுத்தை விடுங்கள், அது ஆசிரியர் போட்ட அடையாளம் மட்டும்தான். கேசி செய்ததைப் பாருங்கள். வழியோர முகாமில் பொலிஸ்காரனோடு பிரச்சினை வந்தபோது அவனைக் காலை வாரி விழுத்தினது ஜோட் குடும்பத்து மகன் டொம். ஆனால் டொம் பரோலில் வெளியே வந்தவன், மாநில எல்லை தாண்டினதே குற்றம், பிடிபட்டால் திரும்பச் சிறைதான். கேசி முன்னுக்கு வந்து 'நான்தான்' என்று சொல்லி அமைதியாகப் பொலிஸ்காரர்களோடு போய்விடுகிறார். மற்றவனின் குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

பிறகு பீச் தோட்டத்தில் வேலைநிறுத்தம். ஒரு பெட்டிக்கு ஐந்து சதம் என்று கூட்டிவந்துவிட்டு இரண்டரை சதம் தருகிறார்கள், அதை எதிர்த்து நிற்கிறவர்களுக்குத் தலைவர் கேசி. அடிக்க வருகிறவர்களிடம், நீங்கள் செய்கிறது என்னவென்று உங்களுக்குத் தெரியவில்லை என்கிறார், அடித்தே கொன்றுவிடுகிறார்கள். லூக்கா 23:34ஐ எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "பிதாவே, இவர்களுக்கு மன்னியும், தாங்கள் செய்கிறது இன்னதென்று அறியாதிருக்கிறார்களே." கேசி பின்பாதியை மட்டும்தான் சொல்கிறார். பிதாவும் இல்லை, மன்னிப்பும் இல்லை. எனக்கு அந்த இடம்தான் முக்கியம். பிரசங்கத்தை விட்ட மனிதன், வானத்தைப் பார்க்காமல் எதிரில் நிற்கிறவனின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறான். அதற்குப் பிறகு டொம் அந்த வேலையை எடுத்துக்கொண்டு போகிறான், சீடன் போல. இதைவிட என்ன வேண்டும்?

பாலையூற்று அக்கா:
தம்பி சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை, ஆனால் நான் வாசகியின் பக்கம். ரோஸ் ஆஃப் ஷாரன் என்ற பெயரே உன்னதப்பாட்டில் இருந்து வந்தது, "நான் சாரோனின் ரோஜாவும், பள்ளத்தாக்குகளின் லீலிபுஷ்பமுமாயிருக்கிறேன்." கதை முழுக்க அவள் சிணுங்குகிறவள், தன் வயிற்றுப் பிள்ளையைத் தவிர வேறொன்றும் தெரியாதவள். புருஷன் விட்டுவிட்டுப் போகிறான், பிள்ளை செத்துப் பிறக்கிறது, வெள்ளம் வருகிறது. ஒதுங்கின கொட்டிலில் ஒரு ஆள் பசியில் சாகக் கிடக்கிறார், தன் சாப்பாட்டை மகனுக்குக் கொடுத்துக் கொடுத்தே விழுந்தவர். அந்த ஆளுக்கு அவள் பால் கொடுக்கிறாள். பூசையில் சாமி அப்பத்தைத் தூக்கி "இது உங்களுக்காகக் கையளிக்கப்படும் என் உடல்" என்று சொல்லும்போது எனக்கு இப்போதெல்லாம் அந்தக் கொட்டில்தான் வருகிறது.

இந்த முடிவை மாற்றச் சொல்லிப் பதிப்பாசிரியர் பஸ்கல் கொவிச்சி கேட்டார், ஸ்டைன்பெக் மறுத்துவிட்டார். அந்த ஆள் முன்பின் தெரியாதவராகவே இருக்கவேண்டும் என்பது அவருடைய பிடி, பால் கொடுப்பதை ஒரு துண்டுப் பாண் கொடுப்பதற்கு மேல் உருக்கமாக்கவும் அவர் விரும்பவில்லை. 1940இல் வந்த ஜோன் ஃபோர்டின் படத்தில் அந்தக் காட்சியே கிடையாது.

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. 2006இல் சண்டையால் இடம்பெயர்ந்து, சம்பூர்ப் பக்கத்துச் சனங்களோடு நாங்களும் வாகரைக்குப் போனோம். மாரி மழை. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு தாய், பிள்ளை பெற்று எட்டோ ஒன்பதோ நாள், காய்ச்சல், பால் வற்றிவிட்டது, பால்மாவும் இல்லை. குழந்தை அழுது அழுது சத்தம் குறைந்துகொண்டே போனது. வேறு ஊர்ப் பெண் ஒருவர், விறகை எடுத்ததற்காக எங்கள் பிள்ளைகளை ஏசிக்கொண்டே இருப்பவர், எங்களோடு முகம் கொடுத்துக் கதைத்ததே இல்லை. எழும்பி வந்தார். சேலை ஒன்றை இரண்டு மரத்துக்கிடையில் கட்டச் சொன்னார். ஒரு பக்கம் தன் பிள்ளை, மற்றப் பக்கம் இது. "தலையைப் பிடி, நனையுது" என்று என்னை ஏசினார். நாலு நாள் அப்படி. பிறகு சனம் திசைதிசையாகப் போய்விட்டது, அவரின் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

தேயிலைத்தூள்:
அக்கா, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

வாசகி கேட்ட மற்றக் கேள்விக்கு. பி. எச். டேனியலின் 'ரெட் டீ' (1969), இரா. முருகவேள் தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று கொண்டுவந்தது. திருநெல்வேலிப் பக்கமிருந்து வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் மாட்டிக்கொள்ளும் கருப்பனும் வள்ளியும். அதில் ஆபிரகாம் என்ற டொக்டர் வருகிறார், மனச்சாட்சி உள்ள நல்ல மனிதர், டேனியலும் தோட்டத்து வைத்தியராக இருந்தவர்தான். ஆனால் அவரை நான் கிறிஸ்து உருவம் என்று சொல்லமாட்டேன். அவர் மருந்தோடு வெளியே இருந்து வருகிறார், கொடுக்க அவரிடம் ஏதோ இருக்கிறது. நிறையக் கதைகளில் இந்த இரண்டையும் குழப்பிவிடுகிறோம், இரக்கமுள்ள துரை, நல்ல பாதர், நல்ல டொக்டர் வந்தவுடனே மீட்பர் என்று எழுதிவிடுகிறோம். கேசி அப்படி இல்லை, அதே லொறியில், அதே பசியில் வந்தவர். ரோஸ் ஆஃப் ஷாரனிடம் பிள்ளைகூட மிஞ்சவில்லை.

மூதூர்க்காரன்:
இது சரியான பிரிப்பு. அப்படிப் பார்த்தால் கேசியையும் அவளையும் எதிர் எதிரே நிறுத்தத் தேவையில்லைதான். ஆனாலும் கேசி இல்லாமல் அந்தக் குடும்பம் அந்தக் கொட்டிலுக்குள் போயிருக்காது என்பதை நான் விடமாட்டேன். குடும்பம் என்றால் எங்கள் ஆட்கள் மட்டும்தான் என்று புறப்பட்ட சனம் அது, எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெரிய ஆத்துமாதான் இருக்குமோ என்று முதலில் கேட்டவர் அவர்.

உப்புவெளி வாசகி:
மூன்று பேருக்கும் நன்றி. இந்த ஞாயிறு இதைக் குழுவில் வாசித்துக் காட்டப்போகிறேன். அக்கா, ஒன்று கேட்கலாமா, அந்தக் குழந்தை?

பாலையூற்று அக்கா:
இருக்கிறான் பிள்ளை. கிளிவெட்டி முகாமில்தான் நடக்கப் பழகினவன். இப்போது என்னைவிட உயரம்.