வீட்டை மகன் பெயருக்கு எழுதிக் கொடுக்கலாமா?

திருவில்லிபுத்தூர் அம்மா:
எனக்கு 66 வயது. மகள் வயிற்றுப் பேத்தி டைப் செய்து தருகிறாள், பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள். வீட்டுக்காரர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. மூணு சென்ட் மனை, 1994-இல் என் இரட்டை வடச் சங்கிலியை விற்று என் பெயரில் வாங்கியது. முன்பக்கம் ஒரு கடை, மாதம் 3,500 வாடகை. இரண்டு பசு நிற்கிறது, காலையும் மாலையும் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறேன்.

மகன் என்னோடுதான் இருக்கிறான். மாடி எடுக்க லோன் வேண்டுமாம், வீடு அவன் பெயரில் இருந்தால்தான் கிடைக்குமாம். "எப்படியும் எனக்குப் பங்கு இருக்கிறதே, இப்போதே செட்டில்மெண்ட் எழுதிவிடு" என்கிறான். மருமகளைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல பெண். ஆனால் மேல வீட்டு அக்கா எழுதிக் கொடுத்த மறு வருடமே அவள் கட்டில் திண்ணைக்கு வந்துவிட்டது. சாரல் அடித்தால் சாக்கைக் கட்டிக்கொண்டு படுக்கிறாள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கை வரவில்லை. என்ன செய்ய?

பத்திர எழுத்தர்:
அம்மா, உங்கள் காசில் உங்கள் பெயரில் வாங்கிய மனை. நீங்கள் இருக்கும்வரை அதில் மகனுக்கும் பங்கு இல்லை, மகளுக்கும் இல்லை. உயில் எழுதினால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட் என்பது உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுவது, உயில் மாதிரி இல்லை, பதிவாகிவிட்டால் நீங்களாகப் போய் ரத்து செய்வது லேசில்லை.

எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்று, உங்கள் ஆயுள்வரை குடியிருக்கவும் கடை வாடகையை வசூலிக்கவும் உங்களுக்கே உரிமை. இன்னொன்று, சாப்பாடு, வைத்தியம் எல்லாம் மகன் பார்க்க வேண்டும். 2007-ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தில் 23-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கலாம். பாசத்தில் எழுதிக் கொடுத்ததே நிபந்தனைதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025-இல் சொன்னது. இருந்தாலும் அதை நம்பி அந்த வரியை எழுதாமல் விடாதீர்கள்.

லோனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்டாலும் யோசியுங்கள். தவணை நின்றால் ஏலத்துக்கு வருவது உங்கள் வீடு.

குமார்:
பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா? காலம் கெட்டுவிட்டது.

ரிட்டயர்டு நர்ஸ், மதுரை:
குமார் தம்பி, நானும் 2018-இல் அப்படித்தான் நினைத்தேன். நிபந்தனை இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். அடுத்த பொங்கலுக்கு கேஸ் அடுப்பைத் தொடக்கூடாது என்றார்கள். அந்தச் சட்டப்படி ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீசில் மனு கொடுத்தேன். கட்டணம் எதுவும் இல்லை, வக்கீலும் வைக்கவில்லை. விசாரணைக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை மகன் எதிரே நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை. ஜீவனாம்சம் மாதம் 10,000 வரை கேட்கலாமாம். நான் கேட்டது 4,000, அது வருகிறது. வீடு திரும்பவில்லை, பத்திரத்தில் அந்த வரி இல்லையே.

அக்கா, ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். பால் பணம் யார் கணக்கில் விழுகிறது?

திருவில்லிபுத்தூர் அம்மா:
மகன் கணக்கில்தான். உறுப்பினர் அட்டை வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. அவர் போன பின் இவன் பாஸ்புக்கைக் கொடுத்தான், நானும் கேட்கவில்லை. மாட்டுத் தீவனத்துக்கு நானே அவனிடம்தான் காசு கேட்கிறேன். இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

ரிட்டயர்டு நர்ஸ், மதுரை:
அப்படியென்றால் வீட்டுப் பேச்சை ஓரமாக வையுங்கள். முதலில் சங்கத்துக்குப் போங்கள்.

திருவில்லிபுத்தூர் அம்மா (பத்து நாள் கழித்து):
போனேன். செயலாளர் "மகனைக் கூட்டி வாங்க" என்றார். பால் ஊற்றுகிறது நான், அவன் எதற்கு என்றேன். ஆதார், போட்டோ வாங்கிக்கொண்டு உறுப்பினர் பெயரை மாற்றிவிட்டார். தபால் ஆபீசில் என் பெயரில் கணக்கு திறந்தாயிற்று. இந்த வாரப் பணம் 1,870, முதல் தடவையாக என் கையெழுத்தில் எடுத்தேன். தவிட்டு மூட்டைக்குப் போக மீதி இருக்கிறது.

மகன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "தீவனம் வாங்கிட்டியா?" என்று கேட்டான். செட்டில்மெண்ட் பேச்சு எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பத்திர எழுத்தர் தம்பி, உயில் எழுத சாட்சி இரண்டு பேர் வேண்டுமாமே, அதில் பேத்தி கையெழுத்துப் போடலாமா? அவளுக்குப் பதினேழுதான் ஆகிறது.

பத்திர எழுத்தர்:
கூடாது அம்மா. பதினெட்டு முடிந்த, உயிலில் பங்கு இல்லாத இரண்டு பேரைப் பாருங்கள்.