எம்ஜிபி-க்கு ஐந்து கியர் பெட்டி, எது சரி?

பழையவண்டி: 1970 எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர் அமைப்பு) இல்லாத நாலு கியர். நெடுஞ்சாலையில் இன்ஜின் கத்துகிற கத்தலில் பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேசவே முடிவதில்லை. பின்பக்கமும் ஆடுகிறது. என்ன வாங்கலாம்?

கிளட்ச்காரன்: ஃபோர்டு சியரா காரின் ஐந்து கியர் டைப் 9 பெட்டியைத்தான் பலரும் போடுகிறார்கள். பழைய பெட்டியை மட்டும் மலிவாகப் பிடித்துவிட்டு உட்காராதீர்கள், பெல் ஹவுசிங், கிளட்ச் தட்டு, புரொபெல்லர் ஷாஃப்ட், தாங்கி, ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று ஒவ்வொன்றாகத் தேடினால் மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும். எல்லாம் சேர்ந்த கிட்டாக வாங்குங்கள். அப்புறம், நாலு சிலிண்டர் சியரா பெட்டியில் முதல் கியர் ரொம்பக் குட்டை, வண்டி நகர்ந்த உடனே இரண்டாவது கேட்கும். நீளமான முதல் கியர் போட்டது கிடைக்குமா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

நாலேபோதும்: எனக்கு அதில் உடன்பாடு இல்லை. லேகாக் நிறுவன ஓவர்டிரைவோடு வரும் அசல் பெட்டியே போதும். மூன்றிலும் நாலிலும் வேலை செய்யும், வண்டியின் குணமும் மாறாது. ஆனால் 1967 கடைசிக்கு முந்தைய பெட்டி வேண்டாம், அதில் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது, உங்கள் வண்டிக்குப் பொருந்தவும் பொருந்தாது.

இலைவில்: சஸ்பென்ஷனுக்கு உடனே டெலஸ்கோபிக் டாம்பர் (குழாய் வடிவ அதிர்வு தணிப்பான்) கிட் தேடாதீர்கள். பின்னால் இலை வில்லின் புஷ்களை (ரப்பர் உறைகளை) பாருங்கள், இப்போது இருக்கும் லீவர் (கை வைத்த) டாம்பரில் எண்ணெய் கசிகிறதா பாருங்கள். முன்பக்கம் அந்த டாம்பர்தான் சஸ்பென்ஷனின் மேல் கையாகவும் இருக்கிறது, அதைக் கழற்றி எறிந்துவிட முடியாது.

பழையவண்டி: சரி, முதலில் புஷ். நாலு கியர் ஓவர்டிரைவ் பெட்டி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.