வாய்பாட்டலகா, விகிதக்கூறா?

உப்புப் படிகத்தைப் பற்றி எழுதுகையில் ‘மூலக்கூறு’ என்று குறிப்பிடலாகாது என்பதில் கலைச்சொல் தேடும் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. NaCl போன்ற வேதி வாய்பாடு குறிக்கும் அலகை ஆங்கிலத்தில் ‘formula unit’ என்பார்கள்; அதற்குத் தமிழில் முன்வைக்கப்பட்டுள்ள ‘வாய்பாட்டலகு’ குறித்துத்தான் எனக்குத் தயக்கம்.

சென்ற வாரம் என் மகளின் வினாத்தாளில் ‘சோடியம் குளோரைடின் மூலக்கூறு நிறை யாது?’ என்று கேட்டிருந்தார்கள். 58.44 என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும்; எதனுடைய நிறை அது என்று யாரும் கேட்பதில்லை. இயற்பியலாளர் வில்லியம் லாரன்ஸ் பிராக் 1913இல் எக்ஸ் கதிரைக் கொண்டு ஆராய்ந்தபோது, ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகளும், ஒவ்வொரு குளோரைடு அயனியையும் ஆறு சோடியம் அயனிகளும் ஏறத்தாழ 0.28 நானோமீட்டர் தொலைவில் சூழ்ந்திருப்பது தெரியவந்தது. எந்தச் சோடியத்துக்கு எந்தக் குளோரைடு இணை என்றால் விடை கிடையாது. வாய்பாடு சொல்வது ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தை மட்டுமே.

இது அயனிப் பிணைப்புக்கு மட்டும் உரிய சிக்கலன்று. கார்பன் டை ஆக்சைடு, சிலிக்கன் டை ஆக்சைடு இரண்டுமே அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து பிணையும் சகப்பிணைப்புச் சேர்மங்கள். வாய்பாட்டிலும் இரண்டுக்கும் விகிதம் ஒன்றுக்கு இரண்டுதான். முன்னது தனித்தனி மூலக்கூறுகளாக இருப்பதால், அதன் திண்ம வடிவமான உலர்பனி −78 டிகிரி செல்சியசிலேயே ஆவியாகிவிடுகிறது; பின்னதிலோ ஒவ்வொரு சிலிக்கனும் நான்கு ஆக்சிஜன்களோடும், ஒவ்வொரு ஆக்சிஜனும் இரண்டு சிலிக்கன்களோடும் பிணைந்து, ஒரு மணற்துகள் முழுவதும் ஒரே வலையாக நிற்பதால், அதை உருக்க 1,700 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும்.

‘வாய்பாடு’ என்றதும் பெருக்கல் வாய்பாடு நினைவுக்கு வருவதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இலங்கைப் பாடநூல்கள் வேதி வாய்பாட்டைச் ‘சூத்திரம்’ என்பதால், ‘வாய்பாட்டலகு’ இரு நாட்டு மாணவர்க்கும் பொதுவாகாது. ஆகவே ‘விகிதக்கூறு’ என்று முன்மொழிகிறேன். ‘விகிதக்கூற்று நிறை’ என்று நீட்டினாலும் நாக்கு இடறவில்லை. ‘விகிதம்’ வடசொல் என்பார்கள்; பள்ளிக் கணக்கில் நாள்தோறும் புழங்கும் சொல்லைத் துறக்க எனக்கு மனமில்லை. அதைவிட வலுவான மறுப்பு, ‘கூறு’ என்றவுடன் பிரித்தெடுக்கத்தக்க துண்டு ஒன்று உள்ளே இருப்பதாக மாணவர் எண்ணக்கூடும் என்பது. ‘விகித அலகு’ என்று மாற்றினால் அந்த இடர் குறையும். எனினும் உப்பை ஆவியாக்கும்போது சோடியமும் குளோரினும் இணைந்த மெய்யான மூலக்கூறுகளே கிடைக்கின்றன. ஆவியில் மூலக்கூறு, படிகத்தில் விகிதக்கூறு என்று எதிரெதிரே நிறுத்தி எழுத முடிகிறதே என்பதால்தான் இச்சொல்லை விடாமல் பிடித்திருக்கிறேன்.